துரு எங்கே பிடிக்கும்? மாதிரி கார்களுக்கு வயதேற்றுவது பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 1/43 அளவில் உலோக அம்பாசடர் ஒன்று வைத்திருக்கிறேன். பத்து ஆண்டுகள் வேப்பமரத்தடியில் நின்ற கார் போல அதை மாற்ற வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தூரிகையை எடுப்பதற்கு முன் அப்படி நிற்கும் நிஜக் கார் ஒன்றைப் போய்ப் பாருங்கள். அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டாலும், பழைய பணிமனைகளின் பின்புறம் இன்னும் சில கிடக்கின்றன. தண்ணீர் எங்கே தேங்குமோ அங்கேதான் துரு தொடங்கும்: கதவின் அடிவிளிம்பு, மட்கார்டின் உள்மடிப்பு, கதவுக்கு மேலே ஓடும் மழைநீர்த் தகடு, கண்ணாடியைச் சுற்றிய ரப்பருக்கு அடியில். வேப்பமரத்தடி என்றால் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள பள்ளத்தில் சருகு சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்த இடத்தை மற்ற இடங்களைவிட அதிகமாக அரித்துக் காட்டுங்கள்.

கூரையும் பானெட்டும் வேறு கதை. வெயில் அங்கே முதலில் நிறத்தைத்தான் தின்கிறது. காரின் நிறத்தோடு சிறிது வெள்ளை கலந்து, மிக நீர்த்த பூச்சாக அங்கு மட்டும் கொடுங்கள். ஒரு பக்க டயர்களின் அடியைச் சற்றுத் தேய்த்துத் தட்டையாக்கினால் காற்றுப் போன சக்கரம் வந்துவிடும்.

இன்னொன்று, உங்கள் காரின் உடல் துத்தநாகக் கலவை. அதைச் சுரண்டி விட்டால் வெளுக்குமே தவிரச் செந்துரு பிடிக்காது. துருவை நீங்கள்தான் தீட்ட வேண்டும்.

கேள்வி: துரு நிறத்தின் மேல் ஹேர் ஸ்பிரே, அதன்மேல் காரின் நிறம் அடித்து, தண்ணீர் தடவி அங்கங்கே நிறத்தை உரிக்கும் ஹேர் ஸ்பிரே முறையில் ஒருமுறை பெயிண்ட் உரியவே இல்லை, அடுத்த முறை ஏடு ஏடாக வந்துவிட்டது. ஏன்?

பதில்: உரியாததற்குப் பெரும்பாலும் மேல்பூச்சே காரணம். எண்ணெய் வகை எனாமல் பெயிண்ட் அடித்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. மேலே வருவது தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பெயிண்டாகவும் மெல்லியதாகவும் இருக்க வேண்டும். ஏடாக வந்தது, ஹேர் ஸ்பிரேயைக் குளிப்பாட்டியதால்.

நான் செய்யும் வரிசை இது. முதலில் துரு நிறங்கள்: அடர்பழுப்பு, அதன்மேல் ஸ்பாஞ்சால் ஒற்றிய செம்பழுப்பு, மிகச் சில இடங்களில் ஆரஞ்சு. பிறகு ஒரு வார்னிஷ் பூச்சு. இதை விட்டுவிட்டால் தேய்க்கும்போது துருவும் சேர்ந்து கரைந்துவிடும். காய்ந்ததும் ஹேர் ஸ்பிரே இரண்டு லேசான பூச்சு, அதன்மேல் காரின் நிறம். நிறம் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும் தண்ணீர் தடவி ஒரு நிமிடம் பொறுத்து, முடி குட்டையான தூரிகையால் தட்டுங்கள். மறுநாளைக்குத் தள்ளிப் போடாதீர்கள், பெயிண்ட் இறுகிவிடும்.

கேள்வி: ஸ்பாஞ்சால் கீறல்கள் வைத்தேன். கார் அம்மை போட்டது போல இருக்கிறது!

பதில்: அளவுக் கணக்குத் தவறிவிட்டது. 1/24 காரில் ஒரு மில்லிமீட்டர் புள்ளி என்பது நிஜக் காரில் 24 மில்லிமீட்டர். 1/64 காரில் அதுவே ஆறு சென்டிமீட்டருக்கும் மேல். ஸ்பாஞ்சைக் காகிதத்தில் ஒற்றி ஒற்றி, பெயிண்ட் தீர்ந்துவிட்டதோ என்று தோன்றும்போதுதான் காரைத் தொட வேண்டும். அதுவும் கை படும், கல் தெறிக்கும், கதவு இடிக்கும் இடங்களில் மட்டும்.

கேள்வி: பழைய லேண்ட் ரோவர் ஒன்றின் கதவுகளில் நல்ல துரு வரவழைத்தேன். நண்பர் தவறு என்கிறார்.

பதில்: நண்பர் சொல்வது சரி. 1948-இல் தொடங்கிய அந்த வரிசை வண்டிகளின் வெளித்தகடுகள் பெரும்பாலும் அலுமினியக் கலவை. அடிபட்டால் நசுங்கும், பெயிண்ட் போன இடம் மங்கிய சாம்பல் நிறத்தில் தெரியும். செந்துரு சேஸிஸிலும், எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் இடைப்பட்ட எஃகுத் தடுப்பிலும்தான் வரும். கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட் காரில் இது இன்னும் கவனிக்க வேண்டியது. அதன் வெளிப்பலகைகள் பஞ்சு இழையும் பிசினும் சேர்த்து அழுத்தியவை. அவை வெடிக்கும், விளிம்பில் சிதையும், துருப்பிடிக்காது. எந்தக் காரை எடுத்தாலும் அது எதனால் ஆனது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடித்ததும் வெள்ளையாகப் பூத்துவிட்டது.

பதில்: காற்றின் ஈரம் பூச்சுக்குள் மாட்டிக்கொண்டது. ஓர் ஐப்பசி மாலையில் மூன்று வார உழைப்பை நானும் இப்படித்தான் மூடினேன். வறண்ட நாளில் அதே வார்னிஷை மெல்லியதாக இன்னொரு முறை அடித்துப் பாருங்கள், பல நேரம் தெளிந்துவிடும்.

கேள்வி: அண்ணா, நான் பள்ளி மாணவன். பெயிண்டைக் காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷ் இல்லை, புழுதிப் பவுடர் வாங்கவும் பணம் இல்லை.

பதில்: தம்பி, உலர்ந்த சாக் பேஸ்டல் குச்சிகள் போதும். எண்ணெய்ப் பசையுள்ள வகை வேண்டாம். பழுப்பையும் காவியையும் உப்புத்தாளில் தேய்த்துப் பொடியாக்கி, மேட் வார்னிஷ் அடித்த உடலில் மெத்தென்ற தூரிகையால் கீழிருந்து மேலாகத் தடவு. வழவழப்பான பரப்பில் பொடி நிற்காது. முகக்கவசம் போட்டுக்கொள். தெருமண்ணைச் சலித்துக் காரில் தூவாதே. அவ்வளவு சிறிய காரில் ஒவ்வொரு மணலும் கூழாங்கல்லாகத் தெரியும். அந்த மண்ணைக் காரைச் சுற்றியுள்ள தரைக்கு வைத்துக்கொள்.

வைப்பர் துடைத்த தடம் வேண்டுமென்றால், மாஸ்கிங் டேப்பை விசிறி வடிவில் வெட்டிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் புழுதி போடு. பிறகு மெதுவாக உரித்து எடு.