சுயநிர்ணய உரிமை பற்றி எழுதினால் சட்டம் பாயுமா?

கேள்வி: பல்கலைக்கழகத் தமிழ் மன்ற மலருக்குச் சுயநிர்ணய உரிமை பற்றி எழுதுகிறேன். "ஆறாவது திருத்தம் இருக்குது, பேசாமல் வேறு தலைப்பு எடு" என்கிறார் அப்பா. உண்மையிலேயே சிக்கல் வருமா? (வாசகி, வெள்ளவத்தை)

தாராளமாக எழுதுங்கள். அப்பாவின் பயமும் சும்மா வந்ததல்ல. ஜூலைக் கலவரம் முடிந்த கையோடு 1983 ஆகஸ்டில் இலங்கை அரசியலமைப்புக்கு வந்த திருத்தம் அது. அதன் 157அ உறுப்புரைப்படி, இலங்கைக்குள் தனியரசு அமைப்பதை ஆதரிப்பதோ, பரப்புவதோ, அதற்குப் பணம் கொடுப்பதோ குற்றம். வெளிநாட்டில் இருந்து செய்தாலும் அப்படித்தான். மேன்முறையீட்டு நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்டால் ஏழு ஆண்டுகள் வரை பாஸ்போர்ட் எடுக்க முடியாது, பொதுப் பரீட்சை எழுத முடியாது, காணி வீடு வைத்திருக்க முடியாது. குடும்பத்தின் பிழைப்புக்குத் தேவையானது போக மற்றச் சொத்தும் பறிபோகும்.

ஆனால் அதில் தடை தனியரசுக்குத்தான். தமிழரசுக் கட்சி கேட்கும் சமஷ்டி (கூட்டாட்சி) பிரிவினையே என்று ஒருவர் வழக்குப் போட்டார். பிரதம நீதியரசர் பிரியசாத் டெப் தலைமையிலான உயர் நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் அதை ஏற்கவில்லை. சமஷ்டி கேட்பது தனியரசு கேட்பதாகாது என்றது. ஒரு மக்கள், நாட்டின் எல்லையைக் கலைக்காமல் தங்கள் அரசியலைத் தாங்களே தீர்மானிப்பதுதான் உள்ளகச் சுயநிர்ணயம். 1998இல் கியூபெக் மாகாணம் பிரிந்துபோவது பற்றிய விவகாரத்தில் கனடா உயர் நீதிமன்றமும் இதே கோட்டைத்தான் கீறியது. எல்லா மக்களுக்கும் சுயநிர்ணய உரிமை உண்டு என்று முதல் உறுப்புரையிலேயே சொல்லும் குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் இலங்கை அரசே 1980இல் சேர்ந்தது. கட்டுரையில் இதை மறக்காமல் போடுங்கள்.

சேர்பியாவிலிருந்து பிரிந்த கொசோவோவைத் தொட்டால் மட்டும் கவனம். மலர்க் கட்டுரைகள் வழக்கமாகச் சறுக்கும் இடம். 2010இல் சர்வதேச நீதிமன்றம் சொன்னது, சுதந்திரப் பிரகடனம் சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்பதைத்தான். பிரிந்துபோக உரிமை உண்டா என்பதற்குள் அது போகவேயில்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம். தீர்ப்பு உங்கள் பக்கம் இருந்தாலும், சந்தேகத்தின் பேரில் பிடிப்பதற்குப் பயங்கரவாதத் தடைச் சட்டம் வேறாக இருக்கிறது. 2020இல் ஒரு கவிதைத் தொகுப்புக்காகப் பிடிபட்ட இளம் ஆசிரியருக்குப் பிணை கிடைக்கவே 2021 டிசம்பர் ஆயிற்று; விடுதலை 2023இல்தான். அதனால் வசனங்களில் யார் சொன்னது என்பது தெரியட்டும். "1976 வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனியரசு கோரியது" என்பது வரலாறு. "தனியரசே வழி" என்று நீங்களே எழுதினால்தான் 157அ உங்களிடம் வரும்.