அந்த ஒரு ‘எஸ்’ எங்கே போய் உட்காருகிறது?

ஸ்போக்கன் இங்கிலீஷ் கேள்வி–பதில்

ஆங்கிலம் பேசும்போது எழுவாய் ஒரு பக்கமும் வினை ஒரு பக்கமும் இழுத்துக்கொண்டு போவதைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

கே: எழுதும்போது தப்பே வருவதில்லை. வாயைத் திறந்தால் மட்டும் ‘ஷி வொர்க்’, ‘மை பிரதர் லைக்’ என்று ‘எஸ்’ காணாமல் போய்விடுகிறது. விதி தெரிந்தும் ஏன் இப்படி?

ப: விதி உங்களுக்குத் தெரியும். நாக்குக்குத்தான் இன்னும் தெரியவில்லை. ‘வந்தேன்’, ‘வந்தாய்’, ‘வந்தாள்’ என்று தமிழில் சொன்னால் போதும், யார் வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டாம். நம் வினைவிகுதி நிஜமாகவே வேலை செய்கிறது. ஆங்கிலத்தில் ‘ஷி’ என்று முதலிலேயே சொல்லியாகிவிடுவதால், பின்னால் வரும் ‘எஸ்’ புதிதாக எதையும் சொல்வதில்லை. அவசரத்தில் மூளை முதலில் கழற்றி எறிவது அதைத்தான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளுக்கும் இதே கதைதான். அமெரிக்க உளவியலாளர் ரோஜர் பிரவுன் மூன்று குழந்தைகளின் பேச்சைப் பின்தொடர்ந்து 1973இல் வெளியிட்ட ஆய்வில், 14 இலக்கண உருபுகளைக் கற்கும் வரிசையில் பன்மை ‘எஸ்’ 4ஆவதாக வந்தது. வினையில் வரும் ‘எஸ்’ 10ஆவதாகத்தான் வந்தது. இரண்டும் ஒரே சத்தம்தான். பொருள் தரும் ‘எஸ்’ சீக்கிரம் ஒட்டிக்கொண்டது, மற்றது பின்தங்கியது.

இன்னொரு காரணம் உச்சரிப்பு. தமிழ்ச் சொல் க், ட், ப் போன்ற வல்லின மெய்யில் முடியாது. அதனால்தான் ‘புக்’ நம் வாயில் ‘புக்கு’ ஆகிறது. ஒரு மெய்க்கே இந்தப் பாடு என்றால், ‘வொர்க்ஸ்’, ‘ஹெல்ப்ஸ்’ என்று இரண்டு மெய் கடைசியில் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது நாக்கு ஒன்றை விழுங்கத்தான் செய்யும்.

அந்த ‘எஸ்’ஸை அடுத்த சொல்லின் தலையில் ஏற்றிவிடுவதுதான் வழி. ‘ஷி வொர்க்ஸ் இன் எ பேங்க்’ என்பதை ‘ஷி வொர்க் – ஸின் எ பேங்க்’ என்று பிரித்துச் சொல்லிப் பாருங்கள். ‘ஹி ஹெல்ப்ஸ் அஸ்’ என்பது ‘ஹி ஹெல்ப் – ஸஸ்’. ‘இட் லுக்ஸ் ஈஸி’ என்பது ‘இட் லுக் – ஸீஸி’. முதல் வாரம் உயிரெழுத்துச் சத்தத்தில் தொடங்கும் சொற்கள் (இன், அட், ஆன், இட், அஸ், எவ்ரி) பின்னால் வரும் வாக்கியங்களையே பழகுங்கள். அது சரளமான பிறகு ‘வொர்க்ஸ் ஹார்ட்’, ‘கெட்ஸ் டயர்ட்’ மாதிரியானவற்றுக்குப் போகலாம்.

கே: ‘வாட்ச்ஸ்’ என்று சொன்னேன், ‘வாட்சஸ்’ என்று திருத்தினார்கள். எங்கே ‘ஸ்’, எங்கே ‘அஸ்’?

ப: வினையின் கடைசிச் சத்தம் ஸ், ஷ், ச், ஜ் வகையாக இருந்தால் ஓர் அசை கூடும்: வாஷ் – வாஷஸ், டீச் – டீச்சஸ், சேஞ்ச் – சேஞ்சஸ், யூஸ் – யூஸஸ். க், ப், ட், ஃப் சத்தங்களுக்குப் பின் வெறும் ‘ஸ்’: டாக்ஸ், ஸ்டாப்ஸ், வெயிட்ஸ், லாஃப்ஸ். மற்ற எல்லாவற்றுக்கும் பின் வருவது தொண்டை அதிரும் ‘ஸ்’. தமிழில் அதற்கு எழுத்தில்லை. பல்லிடுக்கில் காற்றை விட்டபடியே தேனீபோல ரீங்கரித்தால் வரும் சத்தம் அது: ரன்ஸ், லிவ்ஸ், கோஸ். கழுத்தில் விரலை வைத்துச் சொன்னால் அதிர்வு தெரியும்.

இந்தக் கடைசி இரண்டையும் மாற்றிச் சொன்னால் பெரும்பாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். அசையை விழுங்கினால் கவனிப்பார்கள். இவற்றோடு இரண்டு விதிவிலக்குகள்: ‘சே’ என்பதோடு எஸ் சேர்ந்தால் ‘சேஸ்’ அல்ல, ‘செஸ்’. ‘டூ’ என்பது ‘டூஸ்’ ஆகாது, ‘டஸ்’ ஆகும்.

கே: பெயரில் ‘எஸ்’ போட்டால் பன்மை, வினையில் போட்டால் ஒருமை. தலைகீழாக இருக்கிறதே! ‘த டாக்ஸ் பார்க்ஸ்’ என்றுதான் வாயில் வருகிறது.

ப: இரண்டு இருக்கை, ஒரே ‘எஸ்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘த டாக் பார்க்ஸ்’, ‘த டாக்ஸ் பார்க்’. ஓர் இடத்தில் உட்கார்ந்தால் மற்றது காலி.

இது பாதி தூரம்தான் கைகொடுக்கும். ‘சில்ட்ரன்’, ‘மென்’, ‘பீப்பிள்’ எல்லாம் எஸ் இல்லாத பன்மை. அதனால் ‘த சில்ட்ரன் பிளே’ என்பதில் எங்குமே எஸ் கிடையாது. ‘பஸ்’ ஒருமை, அதிலுள்ள எஸ் அதன் சொந்த எழுத்து. ஆகவே ‘த பஸ் ஸ்டாப்ஸ் ஹியர்’. சந்தேகம் வந்தால் எழுவாயை எடுத்துவிட்டு ஹி, ஷி, இட், தே இவற்றில் எது பொருந்தும் என்று பாருங்கள். முதல் மூன்றில் ஒன்று என்றால் வினைக்கு எஸ் உண்டு, ‘தே’ என்றால் இல்லை.

கே: மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போது ‘ஆர்’ சரியாக வருகிறது. பொருள்களைப் பற்றிச் சொன்னால் ‘த புக்ஸ் இஸ் ஆன் த டேபிள்’ ஆகிவிடுகிறது. ஏன் இப்படி இரண்டு விதமாக?

ப: உங்கள் காது கூர்மையானது. இந்தப் பிழை நேராகப் பேச்சுத்தமிழிலிருந்து வருகிறது. ‘பசங்க இருக்காங்க’ என்கிறோம், ஆனால் ‘புத்தகங்க மேஜை மேல இருக்கு’ என்கிறோம். பேச்சில் அஃறிணைக்கு ஒருமை, பன்மை எல்லாம் ஒரே வினைதான். ‘மாடு வருது’, ‘மாடுங்க வருது’. அந்த ‘இருக்கு’தான் ஆங்கிலத்தில் ‘இஸ்’ ஆக எட்டிப் பார்க்கிறது.

எழுத்துத்தமிழ் இங்கே உதவிக்கு வரும். சொல்லப்போவதை ஒரு கணம் மனதில் எழுத்துத்தமிழாக்குங்கள். ‘புத்தகங்கள் இருக்கின்றன’, ‘மாடுகள் வந்தன’ என்று ‘அன’ ஓசை கேட்டால் ஆர், வேர், ஹேவ். ‘இருக்கிறது’, ‘வந்தது’ என்றால் இஸ், வாஸ், ஹேஸ். ‘த கீஸ் ஆர் இன் மை பேக்’, ‘த டோர்ஸ் வேர் ஓப்பன்’.

இந்தச் சோதனை தோற்கும் இடங்களும் உண்டு. ‘இன்ஃபர்மேஷன்’, ‘அட்வைஸ்’, ‘ஃபர்னிச்சர்’, ‘லக்கேஜ்’, ‘எக்விப்மென்ட்’ ஆகியவற்றை ஆங்கிலம் எண்ணுவதே இல்லை. பத்துப் பெட்டி இருந்தாலும் ‘த லக்கேஜ் இஸ் ஹெவி’தான். ‘லக்கேஜஸ்’ என்பது கிடையாது. எண்ணியே ஆக வேண்டும் என்றால் ‘டூ பீஸஸ் ஆஃப் லக்கேஜ் ஆர் மிஸ்ஸிங்’. இதற்கு நேர்மாறாக, நமக்கு ஒன்றாகத் தெரியும் கத்தரிக்கோல், கால்சட்டை, மூக்குக்கண்ணாடி மூன்றும் அங்கே பன்மை: ‘மை கிளாஸஸ் ஆர் பிரோக்கன்’. முன்னால் ‘எ பேர் ஆஃப்’ சேர்த்தால் ‘இஸ்’ ஆகிவிடும். ‘நியூஸ்’, ‘மேத்தமேட்டிக்ஸ்’ இரண்டும் எஸ்ஸில் முடிந்தாலும் ஒருமை. ‘போலீஸ்’ எஸ் சத்தத்தில் முடிந்தாலும் பன்மை: ‘த போலீஸ் ஆர் கமிங்’.

கே: மேலதிகாரியைப் பற்றிச் சொல்லும்போது ‘ஹி இஸ்’ என்றால் மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது. ‘ஆர்’ போடலாமா?

ப: போடக்கூடாது. ‘அவர் வந்திருக்கிறார்’ என்பதில் நாம் மரியாதையை வினையில் வைக்கிறோம். ஆங்கிலத்தில் மரியாதைக்கு இடம் வேறு: ‘சர்’, ‘மேடம்’, ‘குட் யூ’, ‘மே ஐ’. தந்தையானாலும் தலைவரானாலும் ‘மை ஃபாதர் இஸ்’, ‘த டைரக்டர் ஹேஸ்’.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் மரியாதைப் பன்மை இருந்தது. ‘நீ’க்குத் ‘தௌ’, ‘நீங்கள்’ என்பதற்கு ‘யூ’. மரியாதை கூடிக்கூடி எல்லோரையும் ‘யூ’ என்றே அழைக்கத் தொடங்கி, ‘தௌ’ அன்றாடப் பொதுவழக்கிலிருந்து ஒதுங்கிவிட்டது. எதிரே ஒரே ஆள் நின்றாலும் ‘யூ ஆர்’, ‘யூ வேர்’ என்று பன்மை வினை போடுவது அந்தப் பழைய ‘நீங்க’ளின் மிச்சம். ஆகவே ‘யூ வாஸ்’ வேண்டாம். ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரை ‘தே’ என்பதும் அப்படித்தான். ஆள் ஒருவரே என்றாலும் ‘தே ஆர்’தான், ‘தே இஸ்’ ஆகாது.

கே: ‘டஸ் ஷி நோஸ்?’ ஏன் தப்பு? ‘ஷி’ இருக்கிறதே?

ப: இருக்கிறது, எஸ்ஸும் இருக்கிறது. ‘டூ’ மேல் ஏறி அதை ‘டஸ்’ ஆக்கிவிட்டது. ஷி நோஸ், டஸ் ஷி நோ, ஷி டஸின்ட் நோ. மூன்றிலும் எஸ் ஒன்றே ஒன்று, இடம்தான் மாறுகிறது. இறந்தகாலத்தில் ‘டிட்’ அதே வேலையைச் செய்கிறது: ‘டிட் ஷி கோ’, ‘வென்ட்’ வராது. ‘கேன்’, ‘வில்’, ‘ஷுட்’, ‘மஸ்ட்’ வந்தால் எஸ்ஸுக்கு இடமே இல்லை: ‘ஹி கேன் ஸ்பீக்’.

‘ஹி டோன்ட்’ என்பதைப் பாடல்களிலும் சில வட்டார வழக்குகளிலும் கேட்பீர்கள். நேர்காணலுக்கு ‘டஸின்ட்’ஐயே எடுத்துப் போங்கள். ஆளைக் கேட்கும் ‘ஹூ’ எழுவாயாக வந்தால் ‘டஸ்’ தேவையில்லை: ‘ஹூ நோஸ் திஸ்?’ பதிலாகப் பத்துப் பேர் கை தூக்கினாலும் கேள்வியில் ‘நோஸ்’தான்.

கே: சின்ன வாக்கியத்தில் சமாளித்துவிடுகிறேன். ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்…’ என்று ஆரம்பித்தால் அடுத்து இஸ்ஸா ஆரா என்று திணறுகிறேன்.

ப: தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘என் நண்பர்களில் ஒருவர் வருகிறார்.’ முக்கியச் சொல்லான ‘ஒருவர்’ வினைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ‘பெயர்களின் பட்டியல் இருக்கிறது’ என்பதிலும் அப்படித்தான். நாம் அடைமொழியை முன்னால் வைத்துத் தலையைப் பின்னால் வைக்கிறோம். ஆங்கிலம் தலையை முன்னால் வைத்துவிட்டு வாலை நீட்டுகிறது. வினைக்குப் பக்கத்தில் வந்து நிற்பது வால்: ‘த லிஸ்ட் ஆஃப் நேம்ஸ்…’. காதில் கடைசியாக விழுந்தது ‘நேம்ஸ்’ என்பதால் வாய் ‘ஆர்’ என்கிறது. தாய்மொழிக்காரர்களும் இதில் சறுக்குவது சகஜம்.

தலையை அழுத்திச் சொல்லுங்கள், வாலை வேகமாகத் தாழ்ந்த குரலில் ஓட்டிவிடுங்கள். ‘*ஒன்* ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் *இஸ்* ஹியர்’, ‘த *லிஸ்ட்* ஆஃப் நேம்ஸ் *இஸ்* ரெடி’. அழுத்திய சொல்லோடுதான் வினை சேர வேண்டும். ‘அலாங் வித்’, ‘அஸ் வெல் அஸ்’ தொடங்கும் பகுதியும் வால்தான்: ‘த மேனேஜர், அலாங் வித் டூ கிளார்க்ஸ், இஸ் வெயிட்டிங்.’ கூடவே, ‘ஒன் ஆஃப் மை’க்குப் பின் ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்றுதான் வர வேண்டும். ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ என்பதுதான் நம்மிடம் அதிகம் கேட்கும் பிழை.

இதே குடும்பத்தில் இன்னொன்று: ‘எல்லோரும் வந்தார்கள்’ என்று நாம் பன்மையில் சொல்வதால் ‘எவ்ரிஒன் ஹேவ் கம்’ என்று வருகிறது. ‘எவ்ரிஒன்’, ‘எவ்ரிபடி’, ‘ஈச்’, ‘நோபடி’ எல்லாம் ஒருமை: ‘எவ்ரிஒன் ஹேஸ் கம்’. ‘எ நம்பர் ஆஃப் பீப்பிள் ஆர்’, ஆனால் ‘த நம்பர் ஆஃப் பீப்பிள் இஸ்’. முதலாவது ‘பலர்’, இரண்டாவது ‘எண்ணிக்கை’. தூரத்தையும் நேரத்தையும் ஒரே அளவாகச் சொன்னால் ஒருமை: ‘டென் கிலோமீட்டர்ஸ் இஸ் எ லாங் வாக்’. ‘டீம்’, ‘கமிட்டி’ போன்றவற்றுக்கு அமெரிக்கர்கள் ‘இஸ்’ என்பார்கள், பிரிட்டனில் ‘ஆர்’ரும் கேட்கும். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், போதும்.

கே: ஆங்கிலேயர்களே ‘தேர்ஸ் டூ பீப்பிள் அவுட்சைட்’ என்று பேசுவதைக் கேட்டேன். அப்படியானால் அது சரியா?

ப: பேச்சில் அது வெகு சகஜம். பின்னால் என்ன வரப்போகிறது என்று தீர்மானிப்பதற்கு முன்பே ‘தேர்ஸ்’ வாயிலிருந்து வந்துவிடுகிறது. ஆனால் சுருக்கிய வடிவத்துக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. ‘தேர் இஸ் டூ பீப்பிள்’ என்று விரித்துச் சொன்னால் பிழையாகவே ஒலிக்கும். தேர்விலும் எழுத்திலும் ‘தேர் ஆர்’.

கே: தினமும் கால் மணி நேரம்தான் ஒதுக்க முடியும். எப்படிப் பழகுவது?

ப: போதும். உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் ஒரு நாளைப் பத்து வாக்கியங்களில் வாய்விட்டுச் சொல்லி, போனில் பதிவு செய்யுங்கள்: ‘ஷி கெட்ஸ் அப் அட் சிக்ஸ். ஷி வாஷஸ்…’ எழுதி வைத்துப் படிக்காதீர்கள். படித்தால் எஸ்ஸைக் கண் எடுத்துக் கொடுத்துவிடும், நாக்குக்கு வேலை இருக்காது. பிறகு பதிவைக் கேட்டு, விழுந்த எஸ்ஸை மட்டும் எண்ணுங்கள். உச்சரிப்பு, சொல்வளம் எதையும் அன்று தொடாதீர்கள். அடுத்து அதே பத்தையும் ‘ஐ’ வைத்து ஒரு முறை, ‘தே’ வைத்து ஒரு முறை, கேள்வியாக ஒரு முறை.

இந்த மாற்றிச் சொல்லும் பகுதியை விட்டுவிட்டு ‘ஷி’யை மட்டும் பழகுகிறவர்களுக்கு இரண்டே வாரத்தில் புதிய நோய் ஒன்று வரும்: ‘ஐ கோஸ்’, ‘தே லைக்ஸ்’ என்று எல்லாவற்றிலும் எஸ் ஒட்டிக்கொள்ளும். அது வந்துவிட்டால் ஒரு வாக்கியம் ‘ஷி’, அடுத்தது ‘தே’ என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். ‘ஷி கெட்ஸ் அப் அட் சிக்ஸ், தே கெட் அப் அட் செவன்.’

ஆட்களோடு பேசும்போது எஸ் விழுந்துவிட்டது தெரிந்தால் வாக்கியத்தை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், ‘சாரி’யும் வேண்டாம். அந்த ஒரு சொல்லை மட்டும் திருத்திச் சொல்லிவிட்டு மேலே போங்கள்: ‘மை சிஸ்டர் வொர்க்… வொர்க்ஸ் இன் எ பேங்க்.’