மேனேஜர் வேலைக்குக் கிளம்பும் தொண்டித் தம்பிக்கு

வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி. பி.காம். முடித்துவிட்டு ராமநாதபுரத்தில் மொபைல் கடையில் இருக்கிறாய், துபாயில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ‘டிரெய்னி ஸ்டோர் மேனேஜர்’ வேலை வந்திருக்கிறது. ‘ரீடெயில் லைன் எனக்கு ஒத்துவருமா காக்கா? எம்.பி.ஏ. படித்துவிட்டு வரலாமா? ரூம் வாடகை எவ்வளவு? வெயில் தாங்குமா?’ என்று கேட்டிருக்கிறாய். ராம்நாடுக்காரன் வெயிலைப் பற்றிக் கேட்கலாமா? முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

‘எனக்கு நல்லாப் பேசி விற்க வரும்’ என்று எழுதியிருக்கிறாய். விற்பது சேல்ஸ்மேன் வேலை. மேனேஜரின் நாள் பெரும்பாலும் காணாமல் போனதைத் தேடுவதிலும் கெட்டுப்போனதற்குக் கணக்கு எழுதுவதிலும் போகும். தயிரை எடுத்துக்கொள். தேதி சீக்கிரம் முடிகிற டப்பா முன்னால் வரவேண்டும், புதுசு பின்னால். பையன் அவசரத்தில் மாற்றி அடுக்கிவிட்டால் பின்வரிசை மொத்தமும் குப்பைக்குப் போகும், அந்த நஷ்டம் உன் தலையில். தக்காளி எத்தனை பெட்டி சொல்வது, சம்பளம் விழுகிற வாரத்தில் அரிசி எவ்வளவு இறக்குவது என்பதற்கெல்லாம் பாம்பனில் மீன் ஏலம் எடுக்கிறவனின் கண் வேண்டும். குறைத்துப் போட்டால் ரேக் காலி, கூட்டிப் போட்டால் அழுகல்.

ரேக்கில் 4.75 திர்ஹம் என்று சீட்டு இருக்கும், பில்லில் 5.25 விழும். விலையை மாற்றியது ஹெட் ஆபீஸ், திட்டு வாங்குவது நீ. ஐம்பது ஃபில்ஸுக்காக ஒருவர் வரிசையையே நிறுத்திவைத்துக் கத்தும்போது உனக்குச் சுருக்கென்று கோபம் வருமா? வரும் என்றால் மொபைல் கடையே நல்லது.

இதைவிடச் சிக்கல் ஆட்கள். உன் ரூமில் மேல் கட்டிலில் படுக்கிறவன்தான் பில்லிங்கில் உட்கார்ந்திருப்பான். அவன் கவுண்டரில் அடிக்கடி காசு குறையும். மெமோ எழுதவேண்டியது நீ. நம்ம பக்கத்துப் பையன்கள் பலர் இங்கேதான் கவிழ்கிறார்கள். ‘ஊர்க்காரன், விடு’ என்று ஒருமுறை விடுவார்கள், இரண்டாம் முறையும் விடுவார்கள். வருஷக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போது இரண்டு பேரையும் வேலையை விட்டுத் தூக்கி ஊருக்கு டிக்கெட் போடுவான் முதலாளி. ஊர்க்காரனிடம் முடியாது என்று சொல்லிவிட்டு, அன்று ராத்திரி அவனோடு ஒரே சஹனில், அதாவது ஒரே பெரிய தட்டில், உட்கார்ந்து சாப்பிட முடியும் என்றால் நீ மேனேஜர்.

பெருநாளையும் மறந்துவிடு. நோன்பு மாதம் முழுக்கக் கூட்டம், பெருநாள் ராத்திரி நடுச்சாமம் தாண்டியும் வியாபாரம். எல்லாரும் லீவு கேட்டு நிற்பார்கள். ரோஸ்டர் போடுகிறவன் கடைசியில் தன் பெயரைத்தான் டூட்டியில் எழுதிக்கொள்வான். பிள்ளைகள் பெருநாள் தொழுகை முடிந்து போன் செய்யும்போது நான் ஐஸ்கிரீம் ஃப்ரீசர் ஓரமாக நின்று பேசிய வருஷங்கள்தான் அதிகம்.

ஒத்துவருமா என்று பார்க்க விமானம் ஏறவேண்டாம். தீபாவளி நேரத்தில் ராமநாதபுரத்திலேயே ஒரு பெரிய கடையில் ஃப்ளோர் சூப்பர்வைசராக நின்று பார். ஷட்டர் இறங்கிய பிறகும் நாளைக்கு எந்த ரேக் காலியாகும் என்று மனசு ஓடினால் வா. கால்வலி மட்டும்தான் நினைவில் நிற்கிறதென்றால் அக்கவுண்ட்ஸ் பக்கம் போ. பி.காம். வீணாகாது.

இனி காகிதம். ஏஜென்ட் எவ்வளவு கேட்டான் என்று நீ எழுதவே இல்லை, அதனால்தான் எனக்குச் சந்தேகம். பதிவு பெற்ற ஏஜென்ட் இந்திய விதிப்படி 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். ஆள் எடுக்கிற செலவைத் தொழிலாளி தலையில் கட்டக்கூடாது என்று 2022இல் நடைமுறைக்கு வந்த அமீரகத் தொழிலாளர் சட்டமும் சொல்கிறது. ‘விசிட்டில் வா, வேலையில் சேர், அப்புறம் மாற்றிக்கலாம்’ என்றால் ஏறாதே. விசிட் விசாவில் வேலை பார்ப்பது அங்கே குற்றம்.

பேசிக் சம்பளத்தைப் பார். மொத்தம் 3,000 திர்ஹம் என்று காட்டி, பேசிக் 1,000 என்று எழுதுவார்கள். வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கிற கிராஜுவிட்டி பேசிக்கை வைத்துத்தான், முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் 21 நாள் சம்பளம். பேசிக் 1,000 என்றால் வருஷத்துக்கு 700, அதுவே 2,000 என்றால் 1,400. பாதிக்குப் பாதி போய்விடும். இன்னொன்று, சட்டப்படி வாரம் 48 மணி நேரம்தான், அதற்கு மேல் ஓவர்டைம். ஆனால் முதலாளியின் அதிகாரத்தோடு மேற்பார்வைப் பதவியில் இருப்பவர்களுக்கு அந்த வரம்பிலிருந்து விலக்கு உண்டு. மேனேஜர் என்ற பட்டத்தைக் கொடுத்து ஓவர்டைமைப் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பிரேக் டூட்டியா, நேர் டூட்டியா என்றும் கேள். காலையில் ஐந்து மணி நேரம், ராத்திரி ஐந்து மணி நேரம், நடுவில் நாலு மணி நேரம் ‘உன் நேரம்’ என்பார்கள். பஸ்ஸில் போய்க் குளித்துச் சமைப்பதற்குள் அது தீர்ந்துவிடும்.

நான் வந்தபோது இதையெல்லாம் சொல்ல ஆளில்லை. 1996இல் துபாய் தேராவில் ஒரு பக்காலாவில், அதாவது சின்ன மளிகைக் கடையில், சேர்ந்தேன். இறங்கிய அன்றே பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டிக்கொண்டார்கள். லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் தண்ணீர் கேன் தூக்கினேன். உம்மா கட்டிக்கொடுத்த தொதல் இனிப்பை ரூமில் வைத்தேன், காலையில் தாள்தான் இருந்தது! மலையாளிகளைக் குறை சொல்வது நம்மவர்களுக்குப் பொழுதுபோக்கு. எனக்கு ஸ்டாக் எடுக்கவும் சப்ளையரிடம் பேசவும் சொல்லிக்கொடுத்தவர் ஒரு திரூர்க்காரர். என் ஊர்க்காரர் ஒருவர் பழைய செருப்பை எனக்கு விலைக்கு விற்றார். மலையாளம், ஹிந்தி, கொஞ்சம் அரபு என்று கடையிலேயே நான் பிடித்துக்கொண்டேன். முப்பது வருஷம் இருந்தும் ‘கல்லிவல்லி’ (விட்டுத்தள்ளு) என்ற வார்த்தையைத் தாண்டாத சபராளிகள், அதாவது வெளிநாட்டில் சம்பாதிக்கிறவர்கள், இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள்தான் ஊருக்கு வந்து ஷோரூம் கார் முன்னால் நின்ற போட்டோவைக் காட்டி உன்னைப் போன்ற பையன்களைக் கிளப்பிவிடுகிறவர்கள்.

நான் மேனேஜரான கடையில் நம்ம ராம்நாடு குண்டு மிளகாய் வத்தலை முதன்முதலாக ரேக்கில் வைத்தபோது ஒரு திருவாடானைக்காரர் பாக்கெட்டைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டார். பில் போடாமல் பிரிக்கக்கூடாது என்று நானே போய்ச் சொல்லவேண்டியிருந்தது. நாலு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனார். அந்த மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ரேக்குக்கு மேலே சீட்டு எழுதி ஒட்டினேன். ஹெட் ஆபீஸ் அதைக் கிழிக்கச் சொன்னது, அது வேறு கதை.

எம்.பி.ஏ., வாடகையெல்லாம் பிறகு பேசலாம். அடுத்த வெள்ளி வரை கீழக்கரையில்தான் இருக்கிறேன். ஆஃபர் லெட்டரை எடுத்துக்கொண்டு வா, கையெழுத்துப் போடாமல்.