கேளுங்கள், சொல்கிறோம்: ஒரு கேம், ஆறு லேப்டாப்

சார், ஹாஸ்டலில் ஆறு பேர் சேர்ந்து காசு போட்டு ஒரு கேம் வாங்கினோம். ஒருத்தன் லேப்டாப்பிலிருந்து மற்ற ஐந்திலும் காப்பி செய்து லேனில் (கணினிகளை இணைக்கும் ஹாஸ்டல் நெட்வொர்க்கில்) ஆடுகிறோம். காசு கொடுத்துத்தானே வாங்கினோம், இதுவும் காப்புரிமைச் சட்டப்படி தப்பா?
– கல்லூரி மாணவர், கோவை

முதலில் ஒரு சின்னத் திருத்தம். காப்புரிமை என்பது பேட்டன்ட், புதுக் கண்டுபிடிப்புக்குத் தருவது. கேமுக்கு இருப்பது பதிப்புரிமை. பத்திரிகைகளிலேயே இரண்டையும் போட்டுக் குழப்புகிறோம், உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது.

ஆறு பேர் காசு போட்டதால் ஆறு காப்பி வாங்கியதாக ஆகிவிடாது. ஆறு பேர் பங்கு போட்டு ஒரு பஸ் டிக்கெட் எடுத்தால் ஒருத்தர்தான் ஏறலாம். நம் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில் சேர்த்திருக்கிறது. ஆமாம், நீங்கள் விடிய விடியச் சுட்டுக்கொள்ளும் கேமும் சட்டத்தின் கண்ணில் இலக்கியம்தான். ஆனால் கதைப் புத்தகத்துக்குக் கிடைக்கும் சலுகை அதற்குக் கிடையாது. எதெல்லாம் மீறல் ஆகாது என்று சொல்லும் 52ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் ஒரு படைப்பைப் பயன்படுத்தலாம் என்று ஆரம்பிக்கும்போதே கணினி நிரல் நீங்கலாக என்று ஒதுக்கிவிடுகிறது.

நிரலுக்கென்று தனியாகச் சில விலக்குகள் வைத்திருக்கிறார்கள். முறையாக வாங்கியவர், தொலைந்து போகலாம், கெட்டுப் போகலாம் என்ற பயத்தில் ஒரு பேக்கப் எடுத்து வைத்துக்கொள்ளலாம். 1999 திருத்தத்தில் இன்னொன்றும் சேர்ந்தது: சட்டப்படி தன் கைக்கு வந்த காப்பியிலிருந்து, வியாபார நோக்கமில்லாத சொந்த உபயோகத்துக்குக் காப்பி எடுக்கலாம். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் எல்லோரும் "நாங்கள் விற்கவில்லையே" என்கிறார்கள். விற்கவில்லை, சரி. "சொந்த" என்றும் அங்கே ஒரு வார்த்தை இருக்கிறதே? உங்கள் டெஸ்க்டாப்பில் ஒன்று, உங்கள் லேப்டாப்பில் ஒன்று என்றால் தைரியமாக வாதாடலாம். பக்கத்து அறை நண்பனின் லேப்டாப்பை எந்த வக்கீல் வந்தாலும் உங்கள் சொந்த உபயோகம் ஆக்க முடியாது. வாங்கும்போது படிக்காமலே "ஒத்துக்கொள்கிறேன்" என்று அமுக்கினீர்களே, அந்த ஒப்பந்தம் வேறு. அதை மீறினால் அது தனிக் கணக்கு.

இதைவிட எனக்குக் கவலை தருவது, லேன் இருக்கும் ஹாஸ்டலில் எல்லாம் எவனாவது ஒருத்தன் டி டிரைவில் "செட்டப்ஸ்" என்று ஒரு ஃபோல்டரைத் திறந்து போட்டு, மூன்று மாடிக்கும் பந்தி பரிமாறுவானே, அதுதான். காசு வாங்காவிட்டாலும், உரிமையாளரைப் பாதிக்கும் அளவுக்கு விநியோகித்தாலே மீறல். உடந்தையாக இருப்பதையும் 63ஆம் பிரிவு விடுவதில்லை: 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாப நோக்கம் இல்லையென்றால் நீதிமன்றம் காரணம் எழுதிக் குறைக்கலாம். இந்தக் குற்றத்துக்கு வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம், இது ஜாமீனில் விட முடியாத வகை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஹாஸ்டல் அறைக் கதவை போலீஸ் தட்டுமா என்று கேட்டால், அநேகமாகத் தட்டாது. ஆனால் நீங்கள் கேட்டது மாட்டுவோமா என்றல்ல, தப்பா என்று. தப்புதான்.

கேம் செய்கிறவர்களே சில சமயம் கதவைத் திறந்து வைப்பதும் உண்டு, அதைப் பார்க்காமல் சுவர் ஏறிக் குதிக்கிறோம். 1998இல் வந்த ஸ்டார்கிராஃப்டில் "ஸ்பான்" என்று ஒரு வசதி: சிடியோடு வரும் ஒரே எண்ணை (சிடி கீ) வைத்து லேனில் எட்டுப் பேர் வரை ஆட, மற்ற கணினிகளில் ஆட்ட வசதி குறைந்த காப்பியை இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். கம்பெனியே கொடுத்த அனுமதி. 2021இல் வந்த இட் டேக்ஸ் டூ இரண்டு பேர் சேர்ந்து ஆட வேண்டியது. ஒருத்தர் வாங்கினால் போதும், மற்றவர் "ஃப்ரெண்ட்ஸ் பாஸ்" என்பதை இலவசமாக இறக்கி ஆடலாம். ஆறு பேர் என்றதும் இணையத்தில் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தின் குடும்பப் பகிர்வு நினைவுக்கு வரும், அதிலும் ஆறு பேர்தான். ஆனால் அது ஒரே வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு. ஹாஸ்டல் வார்டனைக் குடும்பத் தலைவராகக் காட்ட முடியாது. அப்புறம், ஆளுக்கொரு கேம் என்றால் ஒரே நேரத்தில் ஆடலாம். ஒரே கேமை இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆட இரண்டு காப்பி வேண்டும். ஆக, லேன் மேட்சுக்கு அது உதவாது. ஓப்பன் அரீனா, 0 ஏ.டி. மாதிரி இலவசமாகப் பகிரவே அனுமதி தந்திருக்கும் கேம்கள் இருக்கின்றன. ஆறு லேப்டாப் என்ன, அறுபதிலும் போடுங்கள்.

திருட்டு விசிடிக்குக் குண்டர் சட்டம் பாயுமே, கேம் காப்பி செய்தாலும் பாயுமா?
– வாசகர், திருச்சி

2004இல் தமிழக அரசு அந்தச் சட்டத்தில் "வீடியோ பைரட்" என்று சேர்த்தது சினிமாவையும் பாட்டையும் மனத்தில் வைத்து. கேமைக் குறித்து எழுதியதல்ல. பதிப்புரிமைச் சட்டமே போதாதா, அதற்குள் குண்டர் சட்டம் வரை போய்விட்டீர்களே!

என் பிளேஸ்டேஷன் டிஸ்க்கை நண்பனுக்கு ஓசி கொடுக்கலாமா?
– வாசகி, சேலம்

தாராளமாக. டிஸ்க் கை மாறுகிறது, புதுக் காப்பி பிறக்கவில்லை. அவர் ஆடும்போது நீங்கள் ஆட முடியாது. 2013இல் போட்டிக் கம்பெனியான மைக்ரோசாஃப்ட் இதற்கெல்லாம் கட்டுப்பாடு கொண்டுவரப் போவதாகச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டபோது, சோனி ஒரு குட்டி வீடியோ போட்டது: பிஎஸ்4 கேமைப் பகிர்வது எப்படி? ஒருத்தர் டிஸ்க்கை நீட்டுகிறார், மற்றவர் வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிறார். முடிந்தது. கணினி டிஸ்க் என்றால் மட்டும் கவனம், உங்கள் கணினியில் இன்ஸ்டால் செய்ததை வைத்துக்கொண்டே டிஸ்க்கைக் கொடுத்தால் மறுபடி இரண்டு காப்பி ஆகிவிடுகிறது. நாள் வாடகைக்கு விடுவது வேறு. வணிக வாடகை உரிமையாளரின் உரிமை, அனுமதி வேண்டும்.

பத்து கணினி போட்டு கேமிங் சென்டர் ஆரம்பிக்கிறேன். ஒரு கேம் வாங்கி எல்லாவற்றிலும் ஏற்றிக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறார் கணினி விற்றவர்.
– வாசகர், நாகர்கோவில்

அவருக்கு என்ன, விற்றுவிட்டுப் போய்விடுவார். மணிக்கு இவ்வளவு என்று போர்டு மாட்டிய இடத்தில் "சொந்த உபயோகம்" என்று வாயே திறக்க முடியாது. திருட்டுக் காப்பி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவதற்கு 63பி என்று ஒரு பிரிவு தனியாகவே இருக்கிறது: குறைந்தது 7 நாள் சிறை, 3 வருடம் வரை போகலாம், அபராதம் 50,000இல் ஆரம்பம். வீட்டில் சும்மா ஆடுகிறவருக்குச் சிறையைத் தவிர்த்து 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, தொழிலாகச் செய்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. கிராக் போட்டு, காப்பியைத் தடுக்கும் பூட்டை உடைத்தால் 2012இல் வந்த 65ஏ பிரிவும் சேரும். ஸ்டீமில் கஃபேக்களுக்கென்றே தனி லைசென்ஸ் திட்டம் இருக்கிறது, அதை விசாரியுங்கள். வருகிறவர்கள் முக்கால்வாசி டோட்டா, வாலரன்ட் என்று இலவச கேம்களை அவரவர் அக்கவுண்டில் ஆடுகிறவர்கள்தான், ஆரம்பத்தில் செலவு நீங்கள் நினைக்கிற அளவுக்கு வராது.

பழைய டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா கேம்களை எல்லாம் இப்போது யாரும் விற்பதில்லையே. அதையும் காப்பி செய்யக் கூடாதா?
– வாசகர், மதுரை

என் பலவீனத்தைத் தொட்டுவிட்டீர்கள். டேவ் இல்லாத கம்ப்யூட்டர் லேபை நான் பார்த்ததே இல்லை. எங்கள் லேபில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் லேப் அசிஸ்டென்ட் அதை அழிப்பார், மதியத்துக்குள் பத்துக் கணினியிலும் திரும்ப வந்திருக்கும். சட்டைப் பையில் ஒரு ஃப்ளாப்பி, மூலையில் இருக்கும் குட்டி பிளாஸ்டிக் தாழை நகர்த்தி அழியாதபடி பூட்டியது, மேலே "பாஸ்கல் ப்ரோக்ராம்ஸ்" என்று பேனாவில் எழுதியது. அது ஒருத்தர் எழுதியது, அவருக்கு ஒரு உரிமை உண்டு என்பதே எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. எழுதியவர் ஜான் ரொமேரோ. பிற்பாடு டூம் என்ற கேமைச் செய்தவர்களில் ஒருவர். டூம் 1993இல் வந்தபோது முதல் பாகத்தை அவர்களே யார் வேண்டுமானாலும் காப்பி செய்து கொடுக்கலாம் என்று விட்டார்கள், மீதிக்குத்தான் காசு. நாம் கேட்காமல் செய்ததை அவர்கள் அனுமதி கொடுத்து வியாபாரமாக்கினார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். கடையில் கிடைக்கவில்லை என்பதால் பதிப்புரிமை போய்விடாது. நம் நாட்டில் எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 வருடம் நிற்கும். நிரல்களுக்கு இவ்வளவு நீளம் அபத்தம் என்பது என் கட்சி, அதை ஓட்டும் கணினியே அத்தனை காலம் இருக்காது. 2010க்கு முன் அமெரிக்காவில் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் கணக்கெடுத்துச் சொன்னது. நூலகங்கள் அவற்றைத் தொலைவிலிருந்து ஆடக் கொடுக்க விலக்கு கேட்டபோது 2024இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் முடியாது என்றுவிட்டது. உங்களிடம் பழைய சிடி இருந்தால் கெடுவதற்குள் பேக்கப் எடுத்துவிடுங்கள், அது உங்கள் உரிமை. இல்லாதவர்கள் முதலில் காக் (GOG) என்ற இணையக் கடையில் தேடுங்கள், பழைய கேம்களைப் பூட்டில்லாமல் விற்கிறார்கள், தள்ளுபடியில் சமோசா விலைக்கு வருவதும் உண்டு.

ஸ்டீம் குடும்பத்தில் தம்பியைச் சேர்த்தேன். அவன் என் கேமில் ஏமாற்றி ஆடி மாட்டினால் என் அக்கவுண்டுக்கும் தடை வருமா?
– வாசகி, தஞ்சாவூர்

வரும், அந்த கேமில் உங்களுக்கும் தடை விழும். கோபத்தில் தம்பியை வெளியேற்றினாலும் அவன் இடத்தில் உடனே வேறு ஆளைச் சேர்க்க முடியாது, ஒரு வருடம் கழிய வேண்டும். அவன் இன்னும் மாட்டவில்லையே? இன்றைக்குச் சாப்பாட்டு நேரத்திலேயே பேசிவிடுங்கள்.