மதிப்பெண்ணும் தன்மதிப்பும்: பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்ததால் விரும்பிய பிரிவு கிடைக்காமல் வணிகவியல் பிரிவில் சேர்ந்த என் மகன், "நான் எதற்கும் லாயக்கில்லை" என்கிறான். "நீ கெட்டிக்காரன்" என்று எவ்வளவு சொன்னாலும் ஏற்க மறுக்கிறான்.

பதில்: அந்தப் பாராட்டை அவன் நம்பாததில் வியப்பில்லை, கையிலிருக்கும் மதிப்பெண் பட்டியல் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறதே. முதலில், மறுத்துப் பேசாமல் அவன் வருத்தத்தை முழுவதுமாகச் சொல்ல விடுங்கள். 1998-இல் முல்லர், ட்வெக் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிர்ப் பயிற்சிக்குப் பின் "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள், அடுத்து வந்த கடினமான புதிர்களில் தடுமாறியதும், உழைப்பைப் பாராட்டப்பட்டவர்களைவிட எளிதில் சோர்ந்து போனார்கள். வெற்றி புத்திசாலித்தனத்தைக் காட்டுகிறது என்றால் தோல்வி எதைக் காட்டும் என்று பிள்ளை தானே முடிவுகட்டிவிடுகிறது. ஆகவே, கண்ணால் கண்டதையே சொல்லுங்கள்: "கணக்குப்பதிவியலில் இருப்பாய்வு போட்டபோது பற்றும் வரவும் சமமாகவில்லை என்று மறுபடி முதலிலிருந்து சரிபார்த்துத் தவறைக் கண்டுபிடித்தாயே" என்பது அவனால் மறுக்க முடியாத பாராட்டு. கூடவே, மின்கட்டணம் செலுத்துவது போன்ற ஒரு வீட்டுப் பொறுப்பை முழுமையாக அவனிடம் விட்டுவிட்டு, இடையில் தலையிடாதீர்கள்.

கேள்வி: விசேஷ வீடுகளில் உறவினர்கள் என் மகளின் நிறத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அவளுக்கு வயது 14. வெளியே வரவே மறுக்கிறாள்.

பதில்: வீட்டுக்கு வந்தபின் தேற்றுவது போதாது. அவள் காதில் விழும்படி, அந்த இடத்திலேயே, "அவள் நிறத்தைப் பற்றிப் பேச வேண்டாம், அத்தை" என்று மரியாதையோடும் உறுதியோடும் சொல்லுங்கள். பெரியவர்கள் மனம் கோணினாலும் பரவாயில்லை. சிவப்பழகு கிரீம் வீட்டில் இருந்தால் அதை வாங்குவதையும் நிறுத்துங்கள்.

கேள்வி: இது வயதுக்கோளாறா, உதவி தேவையா என்று எப்படி அறிவது?

பதில்: தூக்கம், உணவு, நண்பர்கள், விளையாட்டு ஆகியவற்றில் நாட்டமின்மை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரை அணுகுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் பிள்ளையைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.