கண்ணாடி இருக்கட்டும், முதலில் பஞ்சைப் போட்டுப் பாருங்கள்

அண்ணே, கானாடுகாத்தான் வீட்டில் உங்கள் ஒன்பது வயது நாய் மணி வளவுத் தூணில் முட்டுகிறான், முற்றத்தில் காயும் வடகத்தை மட்டும் குறி தவறாமல் திருடுகிறான், கண்ணாடி போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வடகத்துக்குக் கண் எதற்கு, மூக்கு போதுமே!

நாய்க்கு விற்கிற கண்ணாடி பெரும்பாலும் தூசிக்கும் வெயிலுக்கும்தான், பார்வையைத் திருத்தாது. அவன் கண்ணெதிரே ஒரு பஞ்சுருண்டையை மேலிருந்து போடுங்கள். சத்தம் வராது. தலை அதன் பின்னால் போனால் பார்வை இருக்கிறது. அந்தி மங்கலில் இன்னொரு முறை போடுங்கள்.

கண்மணி லேசாக நீலம் பூத்திருந்தால் அநேகமாக வயசுக் கோளாறு, பார்வையை அவ்வளவாகக் கெடுக்காது. பால் வெள்ளை என்றால் புரையாக இருக்கலாம். தண்ணீர் அதிகம் குடிக்கிறானா? சர்க்கரை நோய் வந்த நாய்க்குப் புரை சீக்கிரமே விழும். எதுவானாலும் டாக்டர் பார்க்கட்டும்; ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. கண் சிவந்து வீங்கினால் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.

எங்கள் கிழவி நாய்க்குப் புரை விழுந்தபோது படிக்கு முன்னால் ஆத்தங்குடித் தரைக்கல்லில் ஒரு சாக்கு விரித்தோம். காலில் சாக்கு பட்டதும் நின்று, மோந்து, இறங்குவாள். சாமான்களை இடம் மாற்றாதீர்கள். வடகத்தை மட்டும் மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுங்கள்.