சூப்பர்சார்ஜர் ஏற்றிய பழைய எம்ஜிபி காருக்கு எந்த கிளட்ச் போடலாம்?

உங்களுடையது 1970 எம்ஜிபி ரோட்ஸ்டர், இங்கிலாந்தின் பழைய ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற சூப்பர்சார்ஜர் ஏற்றியாகிவிட்டது. இப்போது டாப் கியரில் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது, அதாவது எஞ்சினின் சுழற்சியை முழுதாகக் கடத்தாமல் வழுக்குகிறது. நாலு துண்டு செராமிக் கிளட்ச் போடச் சொல்கிறார்கள், போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரோட்டில் ஓட்டுகிற காருக்கு வேண்டாம். நான் போட்டு, பட்டு, கழற்றியவன்.

எங்கள் வண்டியும் எம்ஜிபிதான். அம்மான் ஆசைப்பட்டு வாங்கியது. அவருக்குப் பிறகு கோட்டையூர் வீட்டு ஷெட்டில் தார்ப்பாய்க்குள் பல வருடம் கிடந்தது. செட்டிநாட்டுப் பக்கம் இது அதிசயம் இல்லை. ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கிற வீட்டு ஷெட்டுகளில் இப்படி ஏதாவது ஒரு வண்டி தூங்கிக்கொண்டிருக்கும். அதை எழுப்பி ஓட வைத்தவர் காரைக்குடியில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பழைய பஸ் மெக்கானிக். நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார். ஓடியதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குப் போதவில்லை, ஈட்டன் வகை சூப்பர்சார்ஜர் ஒன்றை வரவழைத்தேன். பூஸ்ட், அதாவது அது கூடுதலாக ஏற்றுகிற காற்றழுத்தம், சுமார் 6 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு).

ஒரு மாதம் ஜோராகப் போனது. அப்புறம் ஒருநாள் திருமயம் ரோட்டில் லாரியை முந்த நாலாவது கியரில் மிதித்தேன். எஞ்சின் சுற்றைக் காட்டுகிற டாக்கோமீட்டர் முள் ஏறுகிறது, வண்டியின் வேகம் ஏறவில்லை. எரிந்த வாசனை வேறு. பவர் கூடிவிட்டது, பழைய கிளட்ச் தாங்கவில்லை என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அண்ணன் மட்டும், "தம்பி, மொதல்ல எறக்கிப் பாத்துருவமே" என்றார். நான் கேட்கவில்லை. பார்சல் வரட்டும், வந்த பிறகு ஒரேயடியாக இறக்கலாம் என்றேன். எம்ஜிபியில் கிளட்ச் மாற்ற எஞ்சினை வெளியே எடுத்தாக வேண்டும், அதுதான் என் சாக்கு. (வீட்டு வளவில் வைத்தே இறக்கலாம், பர்மா தேக்குத் தூணில் செயின் பிளாக் கட்டலாம் என்று ஒரு யோசனை எனக்கு இருந்தது. ஆச்சி பார்த்த பார்வையில் எஞ்சின் பட்டறைக்கே போய்விட்டது.)

செராமிக் பிளேட் வந்த அன்றே மாட்டியாயிற்று. எஞ்சின் வெளியே இருந்தபோது நான் ஊரில் இல்லை. கழற்றிய பழைய பிளேட்டை ஒரு சாக்கில் சுற்றி அண்ணன் ஓரமாக வைத்துவிட்டார். இது பிறகு முக்கியமாகும்.

புதுப் பிளேட் பிடித்தது, பிடி என்றால் முதலைப் பிடி. முழுதாகப் பிடிக்கும், இல்லை முழுதாக விடும், நடுவில் ஒன்றும் கிடையாது. காலி ரோட்டில் பரவாயில்லை. தை மாதம் பழனிக்கு நடந்து போகிற பாதயாத்திரைக் கூட்டம் குன்றக்குடி ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. அவர்களுக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர்ந்து போக வேண்டிய நிலை. அரை கிளட்ச்சில் விட்டால் வண்டி முழுக்க உதறுகிறது. முழுதாக விட்டால் முன்னால் காவடி தூக்கிப் போகிறவர் மேல் பாய்ந்துவிடுமோ என்று பயம். கடைசியில் எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளினேன். பாதயாத்திரைக்கு வந்த இரண்டு பேர் கூடத் தள்ளினார்கள்.

திரும்பி வந்து அந்தச் சாக்கைப் பிரித்துப் பார்த்தோம். பழைய பிளேட்டில் உரசிப் பிடிக்கிற லைனிங் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. ஆனால் ஆயிலில் ஊறிக் கறுத்துப் போயிருந்தது.

இங்கே ஒரு கணக்கு போட்டால் விஷயம் பிடிபடும். ஒரு கிளட்ச் எவ்வளவு டார்க் (முறுக்கு விசை) தாங்கும் என்பது நாலு விஷயத்தைப் பெருக்கினால் வரும்: லைனிங்கின் உராய்வு எண், கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீல் (எஞ்சின் முனையில் சுழல்கிற கனமான சக்கரம்) மேல் பிரஷர் பிளேட் அழுத்துகிற விசை, லைனிங்கின் சராசரி ஆரம், உரசுகிற முகங்கள். பிளேட்டுக்கு இரண்டு முகம். எம்ஜிபி பிளேட் 8 அங்குலம், சராசரி ஆரம் ஏறக்குறைய 87 மில்லிமீட்டர். உராய்வு எண் 0.3, அழுத்தம் 4,000 நியூட்டன் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். 0.3 × 4,000 × 0.087 × 2 என்றால் சுமார் 209 நியூட்டன் மீட்டர். 1798 சிசி எஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போது தருகிற டார்க் சுமார் 149. ஆக நாற்பது சதவீதம் கையிருப்பு. ரோட்டு வண்டிக்கு இந்த அளவு கையிருப்புதான் வழக்கம்.

6 பிஎஸ்ஐ பூஸ்ட் ஏற்றினால், காற்றழுத்தம் 14.7 என்பதால் காகிதத்தில் நாற்பது சதவீதம் கூட வேண்டும். காற்று சூடாவதாலும், சூப்பர்சார்ஜரைச் சுற்றவே கொஞ்சம் பவர் போவதாலும் அவ்வளவு கிடைக்காது. 190, 200 என்று வைக்கலாம். அதாவது ஸ்டாக் கிளட்ச் (கம்பெனி போட்டுத் தந்தது) சுத்தமாக இருந்தால் நூலிழையில் தாங்கிக்கொண்டிருக்கும். ஆனால் ஆயில் பட்டு உராய்வு எண் பாதியானால் 209 என்பது 104 ஆகிவிடும். அது சூப்பர்சார்ஜர் இல்லாத எஞ்சினுக்கே போதாது! எனக்கு நடந்தது அதுதான். பவர் கூடியது உண்மை, ஆனால் கிளட்ச்சைக் கொன்றது ஆயில்.

ஆயில் வந்ததற்கும் சூப்பர்சார்ஜருக்கும் தொடர்பு இருக்கிறது. பூஸ்ட் ஏறினால் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸுக்குள் வருகிற காற்றும் கூடும். அந்தக் காற்றை வெளியேற்றுகிற பிரீதர் சரியாக இல்லையென்றால் அந்த அழுத்தம் பழைய சீல் வழியாக ஆயிலை வெளியே தள்ளும். கிராங்க் பின்பக்க சீலிலிருந்து கசிந்தால் நேரே ஃப்ளைவீல் மேல்தான். கியர்பாக்ஸ் முன் மூடியின் சீலும் கசியலாம். வாசனையை வைத்து எது என்று கண்டுபிடிக்கலாமே என்பீர்கள், முடியாது. எம்ஜிபி கியர்பாக்ஸுக்கும் எஞ்சின் ஆயில்தான் ஊற்றுவது. கிளட்ச்சை மூடியிருக்கிற பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சிறிய ஓட்டையும் அதில் தொங்குகிற ஸ்ப்ளிட் பின்னும் இருக்கும். அதன் கீழே ஓர் இரவு வெள்ளைக் காகிதம் விரித்து வையுங்கள். ஒரு சொட்டு என்றால் பழைய இங்கிலீஷ் வண்டியின் குணம். வட்டமாக ஊறியிருந்தால் எந்த கிளட்ச் வாங்கினாலும் வீண், முதலில் சீல்.

இன்னொன்றையும் இறக்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். உங்கள் வண்டியில் லேகாக் ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைத்து ஓட கியர்பாக்ஸோடு சேர்த்திருக்கிற கூடுதல் கியர்) இருக்கிறதா? அதற்குள் தனியாக ஒரு கோன் கிளட்ச் இருக்கிறது, ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. அது ஸ்லிப் ஆனாலும் டாக்கோமீட்டரில் இதே அறிகுறிதான். நாலாவது கியரில் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே ஒரேயடியாக மிதியுங்கள், ஒருமுறை ஓவர்டிரைவ் போடாமல், ஒருமுறை போட்டு. போட்டால் மட்டும் முள் தாவினால் மெயின் கிளட்ச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எஞ்சினை இறக்கவே வேண்டாம். டாப் கியரில் சோதிப்பதற்குக் காரணம் உண்டு. கீழ் கியர்களில் எஞ்சின் சட்டென்று வேகமெடுக்கும், டார்க்கில் ஒரு பங்கு ஃப்ளைவீலைச் சுழற்றுவதிலேயே போய்விடும். டாப்பில் எஞ்சின் வேகம் மெதுவாக ஏறுவதால் டார்க் முழுக்க கிளட்ச் மேல் விழும், அதுவும் பல விநாடிக்கு.

சரி, மெயின் கிளட்ச்தான் என்று தெரிந்தால் எதைப் போடுவது? என் வண்டியில் இப்போது இருப்பது சாதாரண ஆர்கானிக் லைனிங், நடுவில் ஸ்ப்ரிங் வைத்த பிளேட், அதோடு ஸ்டாக்கைவிடச் சுமார் கால் பங்கு கூடுதலாக அழுத்துகிற பிரஷர் பிளேட். மேலே போட்ட கணக்கில் 4,000-ஐ 5,000 ஆக்கினால் 261 வரும். 200-க்கு முப்பது சதவீதம் கையிருப்பு. 6, 7 பிஎஸ்ஐ வண்டிக்கு இதற்கு மேல் எனக்குத் தெரிந்து தேவையில்லை. பாதயாத்திரைக்குப் பின்னாலும் போகலாம், செக்காலை ரோட்டில் சாயங்கால நெரிசலிலும் போகலாம்.

கெவ்லார் லைனிங்கும் கிடைக்கிறது. நன்றாக உழைக்கும், மென்மையாகவும் பிடிக்கும். ஆனால் பழக்குவதற்குப் பொறுமை வேண்டும், ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடாகி வழவழத்துவிட்டால் பழைய பிடி திரும்புவது கஷ்டம். வண்டியை மகன், மருமகன் என்று பலரும் எடுக்கிற வீட்டுக்கு அதைச் சொல்ல மாட்டேன். செராமிக்கின் உராய்வு எண் அதிகம், சூடும் தாங்கும். டிராக்கில் ஓட்டுகிறவர்களுக்கு அது சரியான பொருள்தான். ரோட்டில் ஃப்ளைவீலைத் தின்னும், பிடிக்கிற அதிர்ச்சி முழுவதையும் கியர்பாக்ஸுக்கும் ஆக்ஸிலுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கும். ஐம்பது வருடப் பழைய கியர்பாக்ஸ் உடைவதைவிட கிளட்ச் கொஞ்சம் வழுக்குவது மேல் என்பது அண்ணன் கட்சி. இப்போது நானும் அதே கட்சி.

பிரஷர் பிளேட்டைப் போகிற போக்கில் கடினமாக்கிக்கொண்டே போவதிலும் வம்பு இருக்கிறது. பெடல் கனமாவது சின்ன விஷயம், கால் பழகிவிடும். ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் அந்த விசை கிராங்க்கை முன்னால் தள்ளுகிறது. அதைத் தாங்குவது நடு மெயின் பேரிங் பக்கத்தில் இருக்கிற பிறை வடிவ த்ரஸ்ட் வாஷர்கள். பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கிற, எம்ஜிபியின் ரிலீஸ் பேரிங்கும் உருளுகிற பேரிங் இல்லை, கார்பன் வளையம். உரசியே வேலை செய்கிறது. கனமான கவர் (பிரஷர் பிளேட்) போட்டுவிட்டு சிக்னலில் கியரில் வைத்தபடி கிளட்ச்சை மிதித்துக்கொண்டே நின்றால் இரண்டும் தேயும். நியூட்ரலில் தள்ளிவிட்டுக் காலை எடுங்கள். ஓட்டும்போது பெடல் மேல் கால் வைக்கிற பழக்கம் இருந்தால் புது கிளட்ச்சுக்குக் கொடுக்கிற காசு தண்டம்.

வாங்கும் முன் பழைய பிளேட்டின் நடு ஓட்டையில் இருக்கிற ஸ்ப்ளைன் பற்களை எண்ணுங்கள். 1967 கடைசியில் நாலு கியருக்கும் சிங்க்ரோ (கியர் கரகரக்காமல் விழ உதவுகிற அமைப்பு) உள்ள கியர்பாக்ஸ் பெட்டி வந்தபோது அது மாறியது. உங்களுடையது 1970 என்றாலும், இத்தனை வருடத்தில் யார் எந்தப் பெட்டியை மாற்றினார்கள் என்று வண்டியின் புத்தகம் சொல்லாது. ஃப்ளைவீலில் நீலம் பாய்ந்த திட்டுகளோ மயிர் விரிசலோ இருந்தால் லேத்தில் கொடுத்து முகத்தைச் சமமாகச் சீவிவிடுங்கள். கிராங்க் முனையில் இருக்கிற வெண்கல புஷ்ஷை மாற்றுங்கள், விலை அற்பம், மறுபடி எஞ்சினை இறக்குகிற கூலி அற்பம் இல்லை. சீல் இரண்டும் கட்டாயம்.

பிளேட்டை நடுவில் நிறுத்துவதற்கான கருவி எங்களிடம் இல்லை. அண்ணன் புஷ்ஷின் அளவையும் ஸ்ப்ளைனின் அளவையும் ஒரு காகிதத்தில் எழுதி, மரக் கடைசல்காரரிடம் கொடுத்துப் படி வைத்த கட்டை ஒன்று கடைந்து வாங்கி வந்தார். தொட்டில் கால் கடைகிற கை. எஞ்சின் முதல் தள்ளிலேயே பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது.

மாட்டிய பிறகு 500 முதல் 800 கிலோமீட்டர் வரை மெதுவாக ஓட்டுங்கள். ஹைவேயில் ஓடினால் கிளட்ச் பழகாது, கியர் மாற்றி மாற்றி ஊருக்குள் ஓட்ட வேண்டும். நான் இரண்டு மாதம் காய்கறி வாங்கக்கூட எம்ஜிபியில் போனேன், தெருவே சிரித்தது. அந்த நாட்களில் பூஸ்ட் மீட்டர் முள்ளைப் பார்க்கவே கூடாது. பெடலை முழுதாக மிதித்தும் ரிவர்ஸ் விழும்போது கரகரவென்றால் உடனே பிளேட்டைச் சந்தேகப்படாதீர்கள். பெடலையும் மாஸ்டர் சிலிண்டரையும் இணைக்கிற பின் தேய்ந்து ஓவல் ஆகியிருக்கும், அல்லது ரப்பர் ஹோஸ் உப்பியிருக்கும். கனமான கவர் போட்டதும் இந்தப் பழைய சோம்பேறிகள் வெளியே தெரிவார்கள். என் வண்டியில் அந்த இணைப்பு பின்தான் தேய்ந்திருந்தது. லேத்தில் புதிதாக ஒன்று கடைந்து போட்டதும் சத்தம் நின்றது.